வன்முறை அபாயத்தை அளக்கும் நான்கு கருவிகள்: எது எதற்கு உதவும்

ஒருவர் தொடர் கொலையாளி ஆவாரா என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி எங்கேயும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்கப்படும் இணையச் சோதனைகளுக்கும், 'சைக்கோவைக் கண்டுபிடிக்கப் பத்து அறிகுறிகள்' வகை ஒருநாள் பயிற்சிகளுக்கும் காசு கொடுக்காதீர்கள். அதற்காக வன்முறையை முன்னுணரவே முடியாது என்று கைவிரிப்பதும் சரியில்லை. வார்டில் இருக்கும் ஒரு நோயாளி அடுத்த 24 மணி நேரத்தில் கை நீட்டுவாரா, அடிக்கும் கணவனால் ஒரு பெண்ணின் உயிருக்கு ஆபத்து எவ்வளவு நெருங்கியிருக்கிறது, சிறையிலிருந்து வெளியே வருபவர் எந்தச் சூழலில் மறுபடி தவறுவார் என்ற கேள்விகளுக்கெல்லாம் உருப்படியான கருவிகள் இருக்கின்றன. உளவியல் மாணவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள் அதிகம் விசாரிப்பது நான்கைப் பற்றி: பி.சி.எல்-ஆர் (சைக்கோபதியை அளப்பது), எச்.சி.ஆர்-20 மூன்றாம் பதிப்பு (ஒருவரின் நீண்டகால வன்முறை அபாயத்தை மதிப்பிடுவது), ப்ரோசெட் வன்முறைப் பட்டியல் (வார்டில் அடுத்த 24 மணி நேரத்துக்கானது), டேஞ்சர் அசெஸ்மென்ட் (அடிபடும் பெண்ணின் கொலை ஆபத்தை அளப்பது). இந்த நான்கில் பேரும் புகழும் முதலாவதுக்குத்தான். உயிரைக் காப்பாற்ற அதிகம் உதவுபவை கடைசி இரண்டு.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். இது புரியாமல் எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் தப்பாகத்தான் முடியும். 10,000 பேரில் 10 பேர் மட்டும் கடும் வன்முறையில் இறங்குவார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் கருவி அந்தப் பத்துப் பேரில் 90 சதவீதத்தினரைப் பிடித்துவிடும், மற்றவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும். கேட்க அபாரமாக இருக்கிறது. ஆனால் பத்தில் 9 பேர் சிக்கும்போது, மீதமுள்ள 9,990 பேரில் 999 அப்பாவிகளும் சேர்ந்து சிக்குகிறார்கள். ஆக, 'ஆபத்தானவர்' என்று முத்திரை விழுந்த 1,008 பேரில் உண்மையில் ஆபத்தானவர்கள் ஒன்பதே பேர். தேடும் விஷயம் எவ்வளவு அரிதோ, தப்பான முத்திரை அவ்வளவு பெருகும். ஓர் ஆண்டில் நடக்கும் கொலைகளில் தொடர் கொலைகளின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சொல்லும் கணக்கு. கொலையே அரிது, அதில் இது அரிதிலும் அரிது. கருவியை எவ்வளவு தீட்டினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப வழியில்லை.

ஏற்கெனவே சிறையிலோ மனநலக் காவலிலோ இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை தேவலை. 2012-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 13 நாடுகளைச் சேர்ந்த 73 மாதிரிகளில் 24,827 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. வன்முறைக்கான கருவிகள் 'நடுத்தரம்' அல்லது 'அதிகம்' என்று அபாயம் குறித்தவர்களில் 41 சதவீதத்தினர்தான் பிறகு வன்முறையில் ஈடுபட்டார்கள். 'குறைவு' என்று குறிக்கப்பட்டவர்களில் 91 சதவீதத்தினர் ஈடுபடவில்லை. அதாவது யார் ஆபத்தில்லாதவர் என்று ஒதுக்க இந்தக் கருவிகள் நன்றாக உதவுகின்றன. யார் ஆபத்தானவர் என்று விரல் நீட்டும்போது பாதிக்கு மேல் தவறிவிடுகின்றன. அவற்றின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை உள்ளே அடைத்து வைக்கலாமா என்ற கேள்விக்கு இந்த எண்ணிலேயே பதில் இருக்கிறது.

சிறுவயது 'மூன்று அறிகுறிகள்' பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தீ வைப்பது, விலங்குகளை வதைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் குழந்தை பிற்காலத்தில் கொலைகாரனாகும் என்பது இன்றும் பயிற்சி ஸ்லைடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூலம் எது? மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் 1963-ல் எழுதிய கட்டுரை. கொலை மிரட்டல் விடுத்த 100 நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் கவனிப்புகள் அதில் இருந்தன. மிரட்டியவர்களைப் பற்றிய குறிப்புகள், கொன்றவர்களைப் பற்றியவை அல்ல. பின்னாளில் அவரே செய்த ஆய்விலும் அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை. படுக்கையை நனைக்கும் குழந்தைக்கும் வன்முறைக்கும் சம்பந்தமில்லை. அந்தக் குழந்தையைச் சந்தேகப்படுவதும் அவமானப்படுத்துவதும்தான் தீங்கு. விலங்கு வதையை மட்டும் தனியாக எடுத்துக் கவனியுங்கள். அது அந்த வீட்டிலேயே யாரோ அடிபடுகிறார்கள் என்பதன் தடயமாக அடிக்கடி இருக்கிறது. குழந்தை எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டது என்று விசாரிப்பதே பயனுள்ள அடுத்த படி.

பி.சி.எல்-ஆர்

கனடாவின் ராபர்ட் ஹேர் உருவாக்கியது. 1991-ல் வெளிவந்தது, இரண்டாம் பதிப்பு 2003-ல். சைக்கோபதி என்ற ஆளுமைக் கூறு ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கானது. 20 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐ எல்லைக்கோடாக வைக்கிறார்கள், ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றில் 25. மேலோட்டமான வசீகரம், தன்னைப் பற்றிய மிகை மதிப்பு, பொய், பிறரை ஏய்ப்பது, குற்றவுணர்வு இல்லாமை, இரக்கமின்மை என்று ஒரு பக்கம். பிறர் உழைப்பில் வாழ்வது, திடீர் முடிவுகள், பொறுப்பின்மை, சிறுவயதிலேயே தொடங்கிய நடத்தைக் கோளாறு, பல வகைக் குற்றங்கள் என்று இன்னொரு பக்கம்.

செய்யும் முறை இதுதான். முதலில் கோப்பு: நீதிமன்ற ஆவணங்கள், பள்ளிப் பதிவுகள், வேலை பார்த்த இடங்கள், குடும்பத்தார் சொன்னவை. அதன் பிறகு நேர்காணல், சாதாரணமாக ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். பிறகுதான் மதிப்பெண். நேர்காணல் இல்லாமல் நல்ல கோப்பை மட்டும் வைத்துப் போடலாம். கோப்பு இல்லாமல் நேர்காணலை மட்டும் வைத்துப் போடவே கூடாது. பொய் சொல்வதையே ஒரு கூறாக அளக்கும் கருவியில், அவர் வாயால் சொன்னதை மட்டும் நம்பி எப்படி மதிப்பெண் தருவது? தகவல் போதாத கூறுகளை விட்டுவிட்டு விகிதக் கணக்கில் மொத்தத்தைச் சரிசெய்ய வழியுண்டு. ஆனால் ஐந்துக்கு மேல் விட்டுவிட்டால் மதிப்பெண் செல்லாது.

அதிகம் தவறு நடக்கும் இடம் குற்றவுணர்வு பற்றிய கூறு. எதிரே இருப்பவர் தலையைக் குனிந்து 'ரொம்ப வருத்தமா இருக்கு சார்' என்கிறார். பயிற்சி போதாதவர் உடனே 0 போட்டுவிடுவார். கோபமாக இருப்பவர், நடிக்கிறான் என்று 2 போடுவார். இரண்டுமே தப்பு. வருத்தம் என்று சொன்ன அதே ஆண்டில் சிறையிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு மிரட்டல் கடிதம் போயிருக்கிறதா, இழப்பீட்டில் ஒரு தவணையாவது கட்டியிருக்கிறாரா, பேசும்போது வருந்துவது அந்த மனிதருக்காகவா இல்லை தனக்குக் கிடைத்த தண்டனைக்காகவா என்பதெல்லாம் பார்த்து, சொல்லும் செயலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று எடை போட வேண்டும். அதுவும் இந்த மாதத்து நிலையை வைத்து அல்ல. இந்தக் கருவி வாழ்நாள் முழுதும் தொடரும் குணத்தை அளப்பது.

இதன் குறை இரண்டு. ஒன்று, மதிப்பெண்ணில் சுமார் மூன்று புள்ளி அளவுப் பிழை இயல்பாகவே உண்டு. 31 வாங்கியவருக்கும் 29 வாங்கியவருக்கும் நடுவில் கோடு கிழித்து ஒருவரை சைக்கோபாத் என்றும் மற்றவரை இல்லையென்றும் சொல்வது அளவுகோலுக்கு இல்லாத துல்லியத்தை அதன் மேல் ஏற்றுவது. இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், தடயவியல் உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களுமாக 100-க்கும் மேற்பட்ட நிபுணர்களுக்கு ஒரே கோப்புகளைக் கொடுத்து, சிலரிடம் அரசுத் தரப்பு உங்களை அமர்த்தியிருக்கிறது என்றும், சிலரிடம் எதிர்த்தரப்பு அமர்த்தியிருக்கிறது என்றும் சொன்னார்கள். அரசுத் தரப்பு என்று நம்பியவர்கள் கூடுதலாகவும், எதிர்த்தரப்பு என்று நம்பியவர்கள் குறைவாகவும் மதிப்பெண் போட்டார்கள். நல்ல பயிற்சியும் நல்ல எண்ணமும் இருந்தும் இப்படி. அதனால் ஒரே ஒருவர் போட்ட பி.சி.எல்-ஆர் எண்ணை மட்டும் ஆதாரமாகக் காட்டும் அறிக்கையை ஏற்காதீர்கள்.

இது தொடர் கொலையாளியைக் காட்டிக்கொடுக்குமா? டென்னிஸ் ரேடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-க்கும் 1991-க்கும் இடையே அமெரிக்காவின் விச்சிட்டா பகுதியில் பத்துப் பேரைக் கொன்றவர், 2005-ல்தான் பிடிபட்டார். பிடிபடும் வரை ஒரே மனைவி, இரண்டு பிள்ளைகள், நிலையான வேலை, தேவாலய நிர்வாகக் குழுவின் தலைவர் பதவி. பல குறுகிய திருமணங்கள், பிறர் உழைப்பில் வாழ்வது, சிறார் குற்றம், ஜாமீன் நிபந்தனை மீறல் போன்ற கூறுகளில், வெளியே தெரிந்த அந்த வாழ்க்கைக்கு என்ன மதிப்பெண் விழும்? 2005-ல் எஃப்.பி.ஐ. சான் அன்டோனியோவில் கூட்டிய நிபுணர் மாநாடு வந்து சேர்ந்த முடிவும் இதுதான்: தொடர் கொலையாளிக்கென்று பொதுவான ஒரு சித்திரம் கிடையாது. தனிமை விரும்பி, ஊரோடு ஒட்டாதவர் என்ற பிம்பத்தை அந்த மாநாடு வெளிப்படையாகவே மறுத்தது.

வாங்கலாமா? சான்று பெற்ற உளவியலாளராக இருந்து, சிறை அல்லது தடயவியல் மனநல அமைப்பில் வேலை பார்த்தால் மட்டும். மேலதிகாரியையோ முன்னாள் காதலரையோ மனதில் வைத்து இணையத்தில் கிடைக்கும் நகலை நிரப்பிப் பார்ப்பதால் உங்கள் பாதுகாப்பு ஒரு துளியும் கூடாது.

எச்.சி.ஆர்-20, மூன்றாம் பதிப்பு

இதுவும் கனடாவில் பிறந்ததுதான். 1995-ல் முதல் வடிவம், 2013-ல் மூன்றாம் பதிப்பு. கடந்த காலம் பற்றி 10, தற்போதைய நிலை பற்றி 5, வரப்போகும் சூழல் பற்றி 5 என்று 20 காரணிகள். ஒவ்வொன்றும் 'இல்லை', 'ஓரளவு', 'ஆம்' என்று குறிக்கப்படும். பிறகு அந்தக் காரணி இந்த மனிதரின் வன்முறையில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று தனியாக ஒரு மதிப்பீடு. இந்த இரண்டாவது மதிப்பீடுதான் இதன் உயிர். ஒருவருக்குக் குடிப்பழக்கம் இருக்கலாம், ஆனால் அவர் அடித்த நான்கு முறையும் நிதானத்தில் இருந்திருக்கலாம். அவருக்கு மது மறுவாழ்வுச் சிகிச்சை நல்லதுதான், வன்முறையை மட்டும் அது குறைக்காது.

மொத்தம் ஏழு படிகள். தகவல் திரட்டுதல், காரணிகள் உண்டா, அவற்றின் பங்கு என்ன, ஏன் வன்முறையில் இறங்குகிறார் என்ற விளக்கம், அடுத்து என்ன நடக்கக்கூடும் என்ற காட்சிகள், தடுக்கும் திட்டம், கடைசியாக முடிவு. ஐந்தாம் படியைப் பலர் அவசரமாக ஒப்பேற்றுகிறார்கள். அங்கேதான் நேரம் செலவிட வேண்டும். வேலை போனதும் குடித்துவிட்டுத் தம்பியை அடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். பழையபடியே நடந்தால் எப்படி இருக்கும்? ஆள் மாறி அடுத்தது மனைவி என்றால்? முற்றிப்போய் கத்தி எடுத்தால்? ஒவ்வொரு காட்சிக்கும் எங்கே, யார் மீது, எதற்குப் பிறகு, முன்னால் என்ன அறிகுறி தெரியும் என்று எழுத வேண்டும். 'வேலை போன ஒரு வாரத்துக்குள், வீட்டில், இரவில், பணம் கேட்டு மறுக்கப்பட்டதும்' என்று எழுதியிருந்தால் மேற்பார்வையாளருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். 'நடுத்தர அபாயம்' என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் செய்ய முடியாது.

பெரிய தவறு, கூட்டிப் பார்ப்பது. பழைய பதிப்பில் 0, 1, 2 என்று எண்கள் இருந்ததால் பரீட்சை மதிப்பெண் மாதிரி கூட்டி 40-க்கு இவ்வளவு என்று போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. மூன்றாம் பதிப்பில் எண்களையே எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு காரணி, உதாரணமாகக் குறிப்பிட்ட ஆளைக் கொல்ல வேண்டும் என்ற தெளிவான எண்ணம், மற்ற பத்தொன்பதும் 'இல்லை' என்றாலும் ஒருவரை உச்ச முன்னுரிமைக்குக் கொண்டுபோகலாம்.

நேரம் தின்னும் கருவி. கோப்பு வாசிப்பையும் சேர்த்தால் ஒரு நபருக்குப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைத் தர முடியாத நிறுவனம் இதை வாங்குவது கண்துடைப்பு. நேரம் தர முடிந்தால், நீண்டகாலத் திட்டமிடலுக்கு இந்த நான்கில் இதற்கு ஈடு இல்லை.

ப்ரோசெட் வன்முறைப் பட்டியல்

நார்வேயின் ப்ரோசெட்டில் உருவானது. ஒரே தாள், ஆறே வரி. குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய்மொழி மிரட்டல், உடல்மொழி மிரட்டல், பொருள்களைத் தாக்குதல். தெரிந்தால் 1, இல்லையென்றால் 0. மொத்தம் 0 வந்தால் அபாயம் குறைவு. 1 அல்லது 2 வந்தால் நடுத்தரம், தடுப்பு நடவடிக்கை தொடங்க வேண்டும். 3-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம், உடனே செயல்பட வேண்டும், அடிதடி வந்தால் யார் என்ன செய்வது என்ற திட்டமும் தயாராக இருக்க வேண்டும். கணிப்பு அடுத்த 24 மணி நேரத்துக்கு மட்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் புதிதாகப் போட வேண்டும். பழகிய செவிலியருக்குச் சில நிமிட வேலை.

எளிமையைப் பார்த்து அலட்சியம் செய்ய வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 14 தீவிர மனநல வார்டுகளில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், இந்தப் பட்டியலை முறையாகப் பயன்படுத்திய வார்டுகளில் கடுமையான தாக்குதல்கள் 41 சதவீதமும், கட்டிவைத்தல், தனியறையில் பூட்டுதல் போன்ற கட்டாய நடவடிக்கைகள் 27 சதவீதமும் குறைந்தன. ஊழியருக்கும் அடி குறைகிறது, நோயாளிக்கும் கட்டு குறைகிறது. இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது இத்துறையில் அபூர்வம்.

இதன் அடிப்படை விதி ஒன்று: இயல்பிலிருந்து விலகினால்தான் மதிப்பெண். எப்போதும் சத்தமாகப் பேசுபவர் இன்றும் சத்தமாகப் பேசினால் 'ஆர்ப்பாட்டம்' வரிக்கு 0. அதே மனிதர் இன்று கதவை அறைந்து சாத்துகிறார், வழக்கத்தைவிடக் கத்துகிறார் என்றால் 1. அதனால் புதிதாகச் சேர்ந்த நோயாளிக்கு முதல் ஷிப்டில் போடும் எண் நம்பகம் குறைந்தது. அவருடைய இயல்பு யாருக்கும் தெரியாது. சேர்க்கும்போதே வீட்டாரிடம் 'சாதாரணமா எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார்' என்று கேட்டுக் குறிப்பில் எழுதி வைத்தால் இந்த ஓட்டை பாதி அடைபடும்.

வரிகளுக்கு நடுவிலான வேறுபாட்டையும் பயிற்சியில் அழுத்திச் சொல்ல வேண்டும். குரல் உயர்ந்தால் மட்டும் வாய்மொழி மிரட்டல் ஆகாது, எதிரே இருப்பவரைப் பயமுறுத்தும் நோக்கம் தெரிய வேண்டும். உடல்மொழி மிரட்டல் என்றால் முஷ்டி மடக்குவது, சட்டையைப் பிடிப்பது, கையையோ காலையோ ஓங்குவது. நாற்காலியை எட்டி உதைத்தால் அது பொருள் தாக்குதல், அந்த நாற்காலியை ஆள் மீது எறிந்தால் அது தாக்குதலே, பட்டியலைத் தாண்டிப் போய்விட்டது.

எங்கே கெடுகிறது? ஷிப்ட் முடியும் நேரத்தில் பத்துப் பேருக்கும் வரிசையாக 0 போட்டுக் கையெழுத்திடும் இடத்தில். 'எரிச்சல்' வரியில் நோயாளியின் எரிச்சலுக்குப் பதில் ஊழியர் தன் எரிச்சலைப் பதிவு செய்யும்போது. 3 வந்ததும் நேரே கட்டிப்போட ஓடும் வார்டில். 3 என்பது சத்தத்தையும் கூட்டத்தையும் குறைக்க, ஒரே ஒரு ஊழியர் மட்டும் நிதானமாகப் பேச, மற்ற நோயாளிகளை நகர்த்த, எரிச்சலுக்குக் காரணம் பசியா, வலியா, வீட்டுக்குப் பேச விடாததா என்று கேட்கக் கிடைத்த நேரம். எண் ஏறியும் யாரும் எதுவும் செய்யாத வார்டில் இந்தத் தாள் வெறும் காகிதம்.

மனநல வார்டு, அவசரப் பிரிவு, காவலில் உள்ளவர்களைக் கவனிக்கும் இடம் ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். ஒரு மாதம் கழித்து என்ன நடக்கும் என்று இதனிடம் கேட்காதீர்கள்.

டேஞ்சர் அசெஸ்மென்ட்

நான்கில் ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வோம். ஏனென்றால் பெண்கள் பயப்பட வேண்டிய முகம் பெரும்பாலும் இருட்டில் நிற்கும் அந்நியனுடையது அல்ல, கூட வாழும் ஆணுடையது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியப் பேராசிரியர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1980-களில் உருவாக்கியது. கணவரோ துணைவரோ அடிக்கும் பெண்ணுக்குக் கொலை ஆபத்து எவ்வளவு என்று அளக்கிறது. அமெரிக்காவின் 11 நகரங்களில், துணைவரால் கொல்லப்பட்ட 220 பெண்களின் விவரங்களையும், அடிபட்டு உயிரோடு இருக்கும் 343 பெண்களின் விவரங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2003-ல் வெளியானது. அதன் பிறகு கேள்விகள் திருத்தப்பட்டன.

இரண்டு பகுதி. முதலாவது நாட்காட்டி. கடந்த 12 மாத நாட்காட்டியை அந்தப் பெண்ணின் முன் வைத்து, அடி விழுந்த நாள்களைக் குறிக்கச் சொல்ல வேண்டும். தேதி நினைவுக்கு வராது. பிள்ளையின் பிறந்தநாள், பரீட்சை, சம்பள நாள், ஆஸ்பத்திரிக்குப் போன நாள் என்று அருகில் உள்ளவற்றைப் பிடித்துப் பிடித்துக் கேட்டால் வரும். ஒவ்வொரு நாளுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண். காயமில்லாத அறை, தள்ளல் என்றால் 1. குத்து, உதை, கன்றிப்போன காயம் 2. கடும் அடி, எலும்பு முறிவு, தீக்காயம் 3. ஆயுதம் காட்டி மிரட்டல் அல்லது தலைக்காயம், உட்காயம் 4. ஆயுதப் பிரயோகம் 5. ஒரு சம்பவம் இரண்டு எண்ணுக்கும் பொருந்தினால் பெரியதைப் போட வேண்டும்.

பலர் நேரமில்லை என்று இந்த நாட்காட்டியைத் தவிர்த்துவிட்டு நேராகக் கேள்விக்குப் போகிறார்கள். அது பெரும் பிழை. 'அடி முன்பைவிட அதிகமாகியிருக்கிறதா' என்று வாயால் கேட்டால் 'இல்லைங்க, எப்பவும் போலத்தான்' என்ற பதிலே அதிகம் வரும். பழகிப்போன வலி கூடியது தெரியாது. ஜனவரியில் ஒரு 1, ஏப்ரலில் ஒரு 2, ஜூலைக்குப் பிறகு மாதம் தவறாமல் 3 என்று தன் கையால் எழுதிய தாளைப் பார்க்கும்போது அவரே நிமிர்ந்து உட்கார்ந்து பதிலை மாற்றுவார். கொல்லப்பட்ட, அல்லது நூலிழையில் தப்பிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர், அவன் கொலை வரைக்கும் போவான் என்று முன்னால் நினைத்திருக்கவில்லை. அதனால் பெண் பயப்பட்டால் அந்தப் பயத்தை முழுதாக நம்புங்கள். பயப்படவில்லை என்றால் அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது பகுதி, ஆம்-இல்லை என்று 20 கேள்விகள். துப்பாக்கி வைத்திருக்கிறாரா, கடந்த ஓராண்டில் அவரை விட்டுப் பிரிந்தீர்களா, வேலையில்லாமல் இருக்கிறாரா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினாரா, கழுத்தை நெரித்தாரா, கட்டாய உறவு, கர்ப்பத்தின்போது அடித்தது, எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது, ஓயாத சந்தேகம், பின்தொடர்வது, தற்கொலை செய்துகொள்வேன் என்ற அவருடைய மிரட்டல் என்று போகும். எல்லா 'ஆம்'களும் சமம் அல்ல. துப்பாக்கிக்கும் பிரிவுக்கும் கூடுதல் எடை மிக அதிகம். 8-க்குக் கீழே 'மாறக்கூடிய ஆபத்து', 8 முதல் 13 வரை 'கூடிய ஆபத்து', 14 முதல் 17 வரை 'கடும் ஆபத்து', 18-ம் மேலும் 'உச்ச ஆபத்து'. எல்லாவற்றுக்கும் கீழே உள்ள படிக்குக்கூட 'குறைந்த ஆபத்து' என்று பெயர் வைக்காததைக் கவனியுங்கள். நாளைக்கே அவள் பெட்டியைக் கட்டினால் எண் தலைகீழாக மாறும்.

கழுத்தை நெரித்தல் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். முன்பு ஒருமுறை நெரிக்கப்பட்ட பெண் பிறகு அதே ஆளால் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. 'கழுத்தை நெரித்தாரா' என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். 'கழுத்தில் கை வைத்தாரா, சுவரோடு அழுத்தினாரா, மூச்சு முட்டியதா, கண் இருண்டதா, குரல் கம்மிப்போனதா, தன்னையறியாமல் சிறுநீர் போனதா' என்று கேளுங்கள். தோலில் தடம் இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கக்கூடாது. 300 வழக்குகளை ஆராய்ந்ததில் பாதியில் வெளிக்காயமே தெரியவில்லை. கழுத்து ரத்தக்குழாய் உள்ளே கிழிந்து, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்துப் பக்கவாதம் வரலாம். அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், கழுத்து நெரிக்கப்பட்டது என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் கருவிக்கு வெளியே. கணவரையோ மாமியாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது. நிரப்பிய தாளை அந்தப் பெண்ணின் பையிலேயே போட்டு வீட்டுக்கு அனுப்புவது. அதைக் கணவன் பார்த்தால் அடுத்த அடி அதற்காகவே விழும். எண் அதிகம் வந்ததும் 'உடனே கிளம்பி வந்துருங்கம்மா' என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது. பிரிந்து செல்லும் காலம்தான் மிக ஆபத்தான காலம். எங்கே தங்குவது, ஆவணங்கள் யாரிடம், பிள்ளைகளின் பள்ளிக்கு யார் சொல்வது, போனில் இருப்பிடம் காட்டும் வசதி அணைக்கப்பட்டதா, எந்த நேரத்தில் கிளம்புவது என்பதையெல்லாம் முடிவு செய்த பிறகுதான் அவர் வாசலைத் தாண்ட வேண்டும். இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து சமரசம் பேசுவதற்கு இந்த எண்ணைப் பயன்படுத்தவே கூடாது.

கேள்வித்தாள் இலவசமாகவே கிடைக்கிறது. எடை போட்டு மதிப்பெண் கணக்கிடும் முறைக்குப் பயிற்சி எடுக்க வேண்டும். அவசரப் பிரிவுக்கென்று ஐந்து கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. ஆண் துணையிடம் அடிபடும் பெண்ணுக்காக உருவாக்கப்பட்டது என்பதால் மற்ற உறவுகளுக்கு அப்படியே போடக்கூடாது, பெண்-பெண் உறவுக்குத் தனி வடிவம் இருக்கிறது.

இந்த நான்குக்கும் வெளியே விடுபடுவது

பள்ளி, அலுவலகம், பொது இடம் ஆகியவற்றில் திட்டமிட்டு நடக்கும் தாக்குதல்களை மேலே சொன்ன எதுவும் நேராகத் தொடுவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது ஆளுமையைவிட நடத்தையின் நகர்வு: ஒரே ஆள் அல்லது ஒரே மனக்குறை மீது வளரும் வெறி, தாக்கப்போவதை மூன்றாம் நபரிடம் கசியவிடுவது, முன்பு தாக்கியவர்களைத் தன் ஆதர்சமாகப் பேசுவது, ஆயுதம் தேடுவது, இடத்தை நோட்டம் விடுவது, இனி வேறு வழியில்லை என்ற பேச்சு. 2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு 37 பள்ளித் தாக்குதல்களை அலசியது. 81 சதவீதச் சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது, பெரும்பாலும் சக மாணவருக்கு, விஷயம் முன்பே தெரிந்திருந்தது. தாக்கப்படப் போகிறவரை நேரடியாக மிரட்டியவர்கள் குறைவு. எனவே 'மிரட்டல் வந்தால் பார்க்கலாம்' என்ற விதிமுறை போதாது. கேட்டவர் பயமில்லாமல் வந்து சொல்ல ஒரு வழியும், வந்து சொன்னால் அன்றே விசாரிக்க ஒரு குழுவும் வேண்டும். இதற்கு, கொள்கை வெறியில் தனியாகத் தாக்கப் புறப்படுபவர்களை மதிப்பிடும் டி.ஆர்.ஏ.பி-18 போன்ற தனிக் கருவிகள் இருக்கின்றன. அவை பயிற்சி பெற்ற குழுவுக்கானவை, தனி ஆளுக்கானவை அல்ல.

பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்

பயிற்சி தருபவரிடம் இவற்றைக் கேட்டுவிடுங்கள். ஒரே கோப்பைப் பங்கேற்பாளர்கள் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு எங்கே, ஏன் வேறுபட்டார்கள் என்று ஒப்பிடும் பயிற்சி உண்டா? எந்த நாட்டு, எந்த வகை மக்களிடம் கருவி சோதிக்கப்பட்டது, உங்கள் மொழியில் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு இருக்கிறதா, அல்லது பயிற்றுநரே மொழிபெயர்த்ததா? ப்ரோசெட்டாக இருந்தால், 3 வந்ததும் வார்டில் யார் என்ன செய்வது என்பதை நடித்துப் பார்க்க வைக்கிறார்களா? டேஞ்சர் அசெஸ்மென்ட்டாக இருந்தால், நாட்காட்டியை நிரப்பவைக்கப் போதிய நேரம் ஒதுக்குகிறார்களா? மறுமதிப்பீடு எப்போது என்று கேட்டால், 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை' என்று மட்டும் சொல்பவரிடம் போக வேண்டாம். வேலை போனால், பிரிவு நடந்தால், நீதிமன்ற நோட்டீஸ் போனால், ஆயுதம் கைக்கு வந்தால், மருந்தை நிறுத்தினால், விடுதலை தேதி தெரிந்தால் அன்றைக்கே மறுபடி போட வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டும்.